நூற்றில் ஒரு பங்கு

அளத்தல் என்பது மக்கள் வாழ்வோடு உடன்பிறந்த செயல். நெல்லை மரக்காலாலும், பாலை உழக்காலும், பொன்னைக் குன்றிமணியாலும், துணியை முழத்தாலும் அளந்து வாழ்ந்தனர் நம் முன்னோர். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நான்காக வகுத்தனர். அவற்றுள் நீட்டலளவை விரலில் தொடங்கிச் சாணாய், முழமாய், கோலாய் வளர்ந்தது. துணி வாங்குவோர்க்கு ஒரு விரற்கடை கூடினும் குறையினும் பெருந்தீங்கு இல்லை. தச்சர்க்கோ ஒரு நூலளவு பிழையும் பெரும்பிழையாகும். இயந்திரத்தின் உறுப்பைக் கடைந்து செய்பவனுக்கு அந்த நூலும் பெரிது, மயிரிழையும் பெரிது. தலைமயிர் ஒன்றின் பருமன், ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அவற்றுள் ஏறக்குறைய 5 முதல் 10 கூறு வரை இருக்கும். கடைபவன் கருத்தில் கொள்ள வேண்டுவதோ அந்த நூற்றில் ஒரு கூறு.

இத்தகைய நுண்ணளவைக் காட்டும் கருவிகள் பல உள. அவை சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கின்றன. பல்லாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கின்றன. ஓய்வுநேரக் கலையாகக் கடைசல் கற்கத் தொடங்கும் ஒருவன் எதனை வாங்குவது? விலை குறைந்ததை நம்பலாமா? விலை உயர்ந்ததை வாங்கினால் மட்டும் வேலை செம்மையாகிவிடுமா? இவ்வினாக்களுக்குக் கோயம்புத்தூர் இளைஞன் ஒருவன் கண்ட விடை கருவிகளைப் பற்றியது மட்டும் அன்று; அவற்றைக் கையாளும் மனத்தைப் பற்றியதும் ஆகும்.

கோயம்புத்தூர் இயந்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். நீரிறைக்கும் பம்புகளும், மின்மோட்டார்களும், மாவரைக்கும் இயந்திரங்களும் அங்கு மிகுதியாகச் செய்யப்படுகின்றன. மாவரைக்கும் இயந்திரம் அந்நகரின் பெயராலேயே புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. தெருவுக்குத் தெரு கடைசல் பட்டறைகளின் ஓசை கேட்கும் அவ்வூரில் வளர்ந்த அவ்விளைஞன், ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் பணியில் இருந்தான். கை கணக்கேட்டில் இருந்தாலும் அவன் கருத்து இரும்பில் இருந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு பழைய லேத் ஒன்றை வாங்கி, வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் நிறுவினான். மாலைப்பொழுதும் ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே கழிந்தன. பித்தளைப் பம்பரம், சன்னற் கைப்பிடி, மிதிவண்டிக்கு ஒரு திருகு எனச் சிறு பொருள்களைக் கடைந்து கடைந்து மகிழ்ந்தான்.

லேத்துக்கே பணமெல்லாம் தீர்ந்துவிட்டமையால், அளப்பதற்கு அவன் வாங்கிய கருவி ஒன்றே ஒன்று. அது மிகக் குறைந்த விலையில் கிடைத்த காலிப்பர். இரண்டு தாடைகளுக்கு இடையே பொருளை வைத்தால், அதன் பருமனை எண்களாகச் சிறு திரையில் காட்டும் மின்கலக் கருவி அது. புள்ளிக்குப் பின் இரண்டு இடம் வரை எண் தோன்றும். அஃதாவது, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டும். அத்திரையைக் காணுந்தோறும் இளைஞன் உள்ளம் பூரித்தது. பெரிய பட்டறைகளில் உள்ள நுட்பமெல்லாம் தன் கைக்குள் வந்துவிட்டதாகவே அவன் எண்ணினான். பம்பரமும் கைப்பிடியும் செய்தவரை அவ்வெண்ணத்திற்கு இடையூறு ஒன்றும் நேரவில்லை. பம்பரம் சிறிது பருத்தாலும் சுழலும். சிறிது மெலிந்தாலும் சுழலும் அன்றோ?

அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் அம்மையார் இட்டிலி மாவு அரைத்து விற்று வாழ்ந்துவந்தார். அவருடைய பிள்ளைகள் இருவரின் படிப்பும் அந்த இயந்திரம் சுழல்வதைப் பொறுத்தே இருந்தது. ஒருநாள் இயந்திரம் கடகடவென ஒலி எழுப்பத் தொடங்கியது. இளைஞன் அதனைக் கழற்றிப் பார்த்தான். சுழலும் தண்டில், பேரிங் அமரும் இடம் தேய்ந்து போயிருந்தது.

பேரிங் என்பது சுழலும் தண்டைத் தாங்கும் உறுப்பு. எஃகு வளையங்கள் இரண்டு. அவற்றின் இடையே எஃகுக் குண்டுகள். உள்வளையம் தண்டை இறுகப் பற்றித் தண்டோடு சுழல வேண்டும். வெளிவளையம் அசையாமல் இருக்க வேண்டும். அந்த இயந்திரத்தில் இருந்தது 6202 என்னும் எண்ணுடைய பேரிங். அதன் உள்விட்டம் 15 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 35 மில்லிமீட்டர். அகலம் 11 மில்லிமீட்டர். உலகின் எந்த மூலையில் வாங்கினாலும் அவ்வெண்ணுடைய பேரிங் அதே அளவினதாகவே இருக்கும்.

“கவலை வேண்டா, அக்கா! புதுத் தண்டு ஒன்றை நானே கடைந்து தருகிறேன்,” என்றான் இளைஞன்.

“உனக்குத் தெரியும் என்றால் செய், தம்பி. நாளை மறுநாள் ஒரு திருமண வீட்டுக்கு மாவு தரவேண்டும்,” என்றார் அம்மையார்.

அன்றிரவே அவன் வேலையைத் தொடங்கினான். எஃகுத் தண்டு சுழன்றது. சீவல்கள் சுருள் சுருளாக உதிர்ந்தன. சற்றுக் கடைவான், காலிப்பரால் அளப்பான், மறுபடியும் கடைவான். நள்ளிரவு நெருங்கியபோது திரையில் 15.00 என்னும் எண் தோன்றியது. அவ்வளவில் மகிழ்ந்து வேலையை நிறுத்தினான். பேரிங் கையாலேயே எளிதாக வழுக்கிக்கொண்டு தண்டில் ஏறியது. அவ்வெளிமையே ஐயத்திற்கு உரியது என்பதை அவன் அப்போது அறியவில்லை. ‘எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!’ என்றே எண்ணினான்.

இயந்திரம் சுழன்றது. முதல் நாள் ஒலியின்றி ஓடிற்று. இரண்டாம் நாள் மெல்லிய முனகல் எழுந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில், ஊறவைத்த அரிசியும் உளுந்தும் காத்திருக்க, இயந்திரம் சூடேறி நின்றுவிட்டது. உள்வளையம் தண்டைப் பற்றாமல் தனியே சுழன்று, தண்டையும் அரித்து, தானும் கெட்டுப்போயிருந்தது. திருமண வீட்டாருக்கு மாவு உரிய நேரத்தில் செல்லவில்லை. அம்மையார் ஊறிய அரிசியைச் சுமந்துகொண்டு வேறிடத்தில் கூலி கொடுத்து அரைக்க நேர்ந்தது. அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “போகட்டும், தம்பி. நீ நல்ல எண்ணத்தோடுதான் செய்தாய்,” என்றார். அச்சொல் இளைஞனைக் கடுஞ்சொல்லினும் மிகுதியாகச் சுட்டது.

அத்தெருவின் கோடியில் முதியவர் ஒருவர் இருந்தார். பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டர்னராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளைஞன் கெட்டுப்போன தண்டையும் காலிப்பரையும் எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றான். “ஐயா, இக்கருவி என்னை ஏமாற்றிவிட்டது. விலை குறைந்தது என்பதால் வந்த வினை. கடன் வாங்கியாவது உயர்ந்த கருவி ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்,” என்றான்.

முதியவர் உடனே விடை கூறவில்லை. தண்டில் தேயாது எஞ்சியிருந்த பகுதியைத் துணியால் துடைத்தார். “இதே இடத்தை ஐந்து முறை அளந்து பார், தம்பி. அளக்கும்போது திரையைப் பாராதே. ஒவ்வொரு முறையும் அளந்து முடித்த பின் நான் பார்த்து எழுதிக்கொள்கிறேன்,” என்றார்.

இளைஞன் அவ்வாறே செய்தான். தாளில் ஐந்து எண்கள் சேர்ந்தன: 14.97, 15.00, 14.98, 15.01, 14.96. தண்டு ஒன்று, இடம் ஒன்று, கருவி ஒன்று, கை ஒன்று. எண்களோ ஐந்து! பின்னர் முதியவர் தம் பழைய மைக்ரோமீட்டரை எடுத்து மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் அது 14.96 என்றே காட்டியது.

“அன்றிரவு நீ அளந்தபோதும் இப்படித்தான் பல எண்கள் தோன்றியிருக்கும். அவற்றுள் 15.00 என்பது உனக்குப் பிடித்த எண். அது தோன்றியவுடன் நிறுத்திக்கொண்டாய். தண்டை அளந்தது உன் கருவி அன்று, தம்பி, உன் விருப்பம்,” என்றார் முதியவர்.

இளைஞன் தலைகுனிந்தான். முதியவர் பிழை பிறந்த வழிகளை ஒவ்வொன்றாக விளக்கினார். ஒரு கருவி எத்துணைச் சிறிய அளவு வரை எண் காட்டுகிறது என்பது வேறு. அவ்வெண் எத்துணை மெய்யானது என்பது வேறு. முன்னதை மீச்சிற்றளவு என்பர், பின்னதே துல்லியம். அவனுடைய காலிப்பர் நூற்றில் ஒரு பங்கைக் காட்டும். ஆயினும், நல்ல நிலையில் இருக்கும் அத்தகைய காலிப்பரே நூற்றில் இரண்டு அல்லது மூன்று பங்கு ஏறியும் இறங்கியும் பிழைபடக் கூடும். திரையில் உள்ள கடைசி எண் ஒளிர்கின்றது என்பதற்காக அது உண்மை ஆகிவிடாது.

கையின் பிழைகள் அதனோடு சேர்ந்துகொண்டன. தாடைகள் தண்டுக்கு நேர்குறுக்காக அமையாமல் சற்றே சாய்ந்தால், விட்டம் மிகுதியாகத் தோன்றும். தாடையிலோ தண்டிலோ பிசிறு ஒன்று ஒட்டியிருந்தால், அப்போதும் விட்டம் மிகுதியாகத் தோன்றும். கடைந்த சூட்டோடு அளந்தால் எஃகு விரிந்திருக்கும். அதனாலும் விட்டம் மிகுதியாகத் தோன்றும். எஃகு ஒவ்வொரு பாகை வெப்பத்திற்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய பதினொன்றரைப் பங்கு விரிகிறது. 15 மில்லிமீட்டர்த் தண்டு 40 பாகை செல்சியசு சூடேறியிருந்தால், அதன் விட்டம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு பெருத்திருக்கும். சாய்வு, பிசிறு, சூடு ஆகிய மூன்றும் ஒரே திசையில் ஏமாற்றுவன. திரை 15.00 என்று கூறும். உண்மையில் தண்டு அதனினும் மெலிந்திருக்கும். மெலிந்த தண்டில் பேரிங் எளிதாக ஏறும்; எளிதாக வழுக்கவும் செய்யும்.

“அப்படியாயின் இக்கருவியை எறிந்துவிட வேண்டியதுதானா, ஐயா?” என்று கேட்டான் இளைஞன்.

“எறிவானேன்? மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போதும் என்ற வேலைகளே மிகுதி. அவற்றுக்கு இது நல்ல தோழன். தோழனுடைய வலிமையையும் வலிவின்மையையும் அறிந்து பழக வேண்டும். அவ்வளவே,” என்றார் முதியவர்.

அளவுகருவிகளின் வரலாறும் இவ்வுண்மையையே வலியுறுத்துகிறது. 1631 ஆம் ஆண்டில் பியர் வெர்னியர் என்னும் பிரெஞ்சு நாட்டார் இரட்டை அளவுகோல் முறை ஒன்றை நூலாக எழுதி வெளியிட்டார். நிலையான கோலின் ஒன்பது பிரிவுகளின் நீளத்தை, நகரும் கோலில் பத்துப் பிரிவுகளாக்கினால், கண்ணால் பிரித்தறிய இயலாத பத்தில் ஒரு பங்கையும் இரண்டு கோடுகளின் ஒன்றிப்பால் அறியலாம். பள்ளிகளில் மாணவர் கையாளும் வெர்னியர் அளவி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1848 ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பால்மர் என்பவர், கையில் அடங்கும் திருகு அளவிக்குக் காப்புரிமை பெற்றார். 1867 ஆம் ஆண்டில் பாரிசில் நிகழ்ந்த பொருட்காட்சியில் அதனைக் கண்ட பிரௌன், ஷார்ப் என்னும் அமெரிக்கர் இருவர், அதனைத் திருத்திச் செய்து தொழிலாளர் கைகளில் பரப்பினர். அதுவே மைக்ரோமீட்டர்.

மைக்ரோமீட்டரின் நுட்பம் ஒரு திருகில் அடங்கியுள்ளது. அதன் திருகு ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் அரை மில்லிமீட்டர் மட்டுமே முன்னேறும். திருகோடு சுழலும் உருளையின் விளிம்பு 50 பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரு பிரிவு நகர்ந்தால், திருகு நூற்றில் ஒரு பங்கு நகர்ந்தது எனக் கொள்ளலாம். கண்ணுக்குப் புலப்படாத சிறு நகர்வைக் கண்ணுக்குப் புலப்படும் பெருஞ்சுழற்சியாக மாற்றிக் காட்டுவதே அதன் தந்திரம். மேலும், உருளையின் முடிவில் உள்ள சிறு குமிழைத் திருகினால், வேண்டிய அளவு அழுத்தம் ஏற்பட்டவுடன் அது ‘டிக், டிக்’ என ஒலித்து நழுவும். வலியவன் அளந்தாலும் மெலியவன் அளந்தாலும் அழுத்தம் ஒன்றாக இருக்கும்படி அமைத்த அமைப்பு அது. கருவியைச் செய்தோர் மனிதனுடைய கையையும் மனத்தையும் நன்கு அறிந்தவர் போலும்!

சுவீடன் நாட்டு யோகான்சன் என்பவரின் கதை இன்னும் வியப்புக்குரியது. அவர் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றியவர். 1896 ஆம் ஆண்டில் அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் உதித்தது. 102 எஃகுக் கட்டைகளை மிகத் துல்லியமாகச் செய்துவைத்தால், அவற்றை வேண்டியவாறு சேர்த்து அடுக்கி 20,000 அளவுகளை உண்டாக்கலாம் என்று கணக்கிட்டார். அக்கட்டைகளைத் தேய்த்து முடிக்க அவரிடம் விலையுயர்ந்த இயந்திரம் இல்லை. மனைவியாரின் தையற்பொறியையே தேய்க்கும் பொறியாக மாற்றிக்கொண்டார். உலகமெங்கும் பட்டறைகளின் அளவுக்கு அளவாய் விளங்கும் கட்டைகள், ஒரு வீட்டின் தையற்பொறியிலிருந்து தொடங்கின. துல்லியம் செல்வத்தின் குழந்தை அன்று. பொறுமையின் குழந்தை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதியவரும் இளைஞனும் பழைய பொருள்கள் விற்கும் கடைக்குச் சென்றனர். 25 மில்லிமீட்டர் வரை அளக்கும் மைக்ரோமீட்டர்கள் மூன்று அங்கு இருந்தன. முதலாவது பளபளவென்று மின்னியது. இளைஞன் கை அதனை நோக்கியே சென்றது. முதியவர் அதன் உருளையைச் சுழற்றினார். ஓரிடத்தில் இறுகியும் மற்றோரிடத்தில் தளர்ந்தும் அது சுழன்றது. “புரி தேய்ந்துவிட்டது. புறத்தே மெருகு, அகத்தே பழுது,” என்று அதனை வைத்துவிட்டார். இரண்டாவதில் புகழ்பெற்ற பெயர் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. விலையும் அதற்கேற்ப மிகுதி. முதியவர் அதன் இரண்டு முகங்களையும் மெல்ல மூடி, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தார். முகங்களின் ஓரத்தில் கீற்றுப்போல ஒளி கசிந்தது. “கீழே விழுந்ததாகவோ மிகத் தேய்ந்ததாகவோ இருக்கும். பெயரைப் பொறித்துப் போலி விற்பாரும் உளர். பெயரை வாங்காதே, மெய்யை வாங்கு,” என்றார்.

மூன்றாவது கறை படிந்து மங்கியிருந்தது. மூடினால் சுழி காட்ட வேண்டிய அது 0.02 காட்டியது. “அது சரியில்லாதது, விலையைக் குறைத்துத் தருகிறேன்,” என்றார் கடைக்காரர். முதியவர் சுழற்றிப் பார்த்தார். தொடக்கம் முதல் முடிவு வரை நெய்யில் ஓடுவதுபோல் சீராகச் சுழன்றது. முகங்களைத் துடைத்து மூடினார். ஒளி சிறிதும் கசியவில்லை. பத்து முறை மூடிப் பார்த்தார். பத்து முறையும் 0.02 என்றே நின்றது.

பின்னர்த் தம் சட்டைப் பையிலிருந்து சிறிய பேரிங் ஒன்றை எடுத்தார். சறுக்குச் சக்கரங்களிலும் சிறுவர் விரலில் வைத்துச் சுழற்றும் விளையாட்டுப் பொருளிலும் காணப்படும் 608 என்னும் எண்ணுடையது அது. அதன் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். நல்ல நிறுவனம் செய்த பேரிங்காயின், அவ்வளவு நூற்றில் ஒரு பங்குக்கு மேல் குறையாது. 22ஐ மீறவும் செய்யாது. “அளவுக்கட்டை வாங்கப் பொருள் இல்லாதவனுக்கு இதுவே அளவுக்கட்டை,” என்றார் முதியவர். கருவி 22.01 காட்டியது. சுழிப்பிழையாகிய 0.02 கழிக்க, எஞ்சியது 21.99. அளவு ஒத்துவந்தது.

“ஒரு மனிதன் ஒருநாள் மெய்யும் ஒருநாள் பொய்யும் பேசினால் அவனோடு வாழ முடியாது. எந்நாளும் ஒரே அளவாகத் தவறுபவனோடு வாழலாம்; அவன் தவற்றைக் கழித்துவிட்டால் எஞ்சுவது மெய். இக்கருவியின் பிழை மாறாத பிழை. பெட்டியில் உள்ள சிறு கொக்கிச் சாவியால் அதனை இன்று மாலையே திருத்திவிடலாம்,” என்றார் முதியவர். மங்கிய அக்கருவி, மூன்றினுள்ளும் குறைந்த விலைக்கு இளைஞன் கைக்கு வந்தது.

மைக்ரோமீட்டர்கள் ஆறு அடங்கிய பெட்டி ஒன்றையும் கடைக்காரர் காட்டினார். இளைஞன் விழிகள் விரிந்தன. முதியவர் தடுத்தார். தொடக்கத்தில் வேண்டுவன சிலவே என்று அவர் எடுத்துரைத்தார். கோடுகள் தெளிவாகப் பொறித்த 150 மில்லிமீட்டர் எஃகு அளவுகோல் ஒன்று, மூலைமட்டம் ஒன்று, கையில் உள்ள காலிப்பர், இப்போது வாங்கிய மைக்ரோமீட்டர். தண்டு கோணாமல் சுழல்கிறதா எனக் காட்டும் டயல் கேஜ், அடுத்த சேமிப்பில் வாங்கத்தக்கது. மற்றவை, அவற்றை வேண்டும் வேலை வரும்போது வந்தால் போதும். பயன்படாத கருவி பெட்டியில் கிடந்து துருப்பிடிக்கும். அதற்குக் கொடுத்த பணமும் உடன் துருப்பிடிக்கும்.

வீடு திரும்பியபின் இளைஞன் முதியவர் முன்னிலையில் கருவியைப் பேணும் முறையைக் கற்றான். அளக்குமுன் முகங்களைத் துடைக்க வேண்டும். மூடிச் சுழியைப் பார்க்க வேண்டும். சுழலும் பொருளில் ஒருபோதும் வைத்தல் ஆகாது. சூடான உறுப்பு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நீளங்களை அளப்பதற்கு உரிய வெப்பநிலை 20 பாகை செல்சியசு என 1931 ஆம் ஆண்டில் உலக நாடுகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்டது. தகரக் கொட்டகையில் அவ்வளவு குளிர்ச்சிக்கு எங்கே போவது? ஆயினும் கருவியும் எஃகு, உறுப்பும் எஃகு. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து ஒரே வெப்பநிலை அடையச் செய்தால், இரண்டும் ஒத்தே விரியும்; பிழை பெரும்பாலும் நீங்கும். வேலை முடிந்தபின் வியர்வைக் கறையைத் துடைத்து, எண்ணெய் தடவி, முகங்கள் ஒன்றை ஒன்று தொடாதவாறு சிறிது இடைவெளி விட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும்.

அன்றிரவு மீண்டும் தண்டு சுழன்றது. இம்முறை இளைஞன் விரையவில்லை. 15.10 வரை காலிப்பரால் அளந்து கடைந்தான். அதற்குமேல் காலிப்பரை வைத்துவிட்டு மைக்ரோமீட்டரை எடுத்தான். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை நிறுத்தி, தண்டை ஆறவிட்டு, துடைத்து, மூன்று இடங்களில் அளந்து, தாளில் எழுதினான். உளியால் 15.03 வரை வந்ததும், லேத்தின் மேற்பரப்பில் மணற்றூள் விழாதவாறு தாளால் மூடி, எமரித்தாள் கொண்டு மெல்ல மெல்லத் தேய்த்தான். 15.02 வந்தது. மீண்டும் சிறிது தேய்த்தான். 15.01 வந்தது. அதற்குமேல் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கோட்டுக்குச் சற்றே கீழே நிறுத்தினான்.

பேரிங் இம்முறை கையால் ஏறவில்லை. இளைஞன் உள்ளம் ஒரு கணம் திடுக்கிட்டது. அளவு தவறிவிட்டதோ என்று முதியவரை நோக்கினான். அவர் புன்னகையோடு, உள்வளையத்தில் மட்டும் படும்படி ஒரு குழாய்த் துண்டை வைத்து மெல்லத் தட்டுமாறு கூறினார். தட்டத் தட்ட, பேரிங் சிறுகச் சிறுக ஏறித் தன் இடத்தில் இறுக அமர்ந்தது. முதல்முறை எளிதாக ஏறியதைக் கண்டு மகிழ்ந்தவன், இம்முறை அரிதாக ஏறியதைக் கண்டு மகிழ்ந்தான். மகிழ்ச்சி இரண்டும் ஒன்றல்ல என்பதை அவன் உணர்ந்தான். முன்னது விருப்பம் நிறைவேறியதால் வந்தது. பின்னது உண்மை கைகூடியதால் வந்தது.

மறுநாள் அம்மையார் வீட்டு இயந்திரம் சுழன்றது. ஒரு வாரம் சென்றது. ஒரு மாதம் சென்றது. முனகலும் இல்லை, சூடும் இல்லை. அம்மையார் கூலி கொடுக்க வந்தார். “முன்பு உங்களுக்கு நேர்ந்த இழப்புக்கு இது ஈடாகட்டும், அக்கா,” என்று இளைஞன் வாங்க மறுத்துவிட்டான். கெட்டுப்போன பழைய தண்டை மட்டும் அவன் எறியவில்லை. கொட்டகைச் சுவரில், லேத்துக்கு நேர் எதிரே ஓர் ஆணியில் தொங்கவிட்டான். அதன்மேல் 14.96 என்னும் எண் எழுதப்பட்டிருந்தது. கருவி எடுக்கும்போதெல்லாம் அவன் கண் அதன்மேல் படும்.

விலை குறைந்த கருவி தீயதன்று. விலை உயர்ந்த கருவி தானே நன்மை செய்வதும் அன்று. எக்கருவியையும் சோதித்து அதன் பிழையை அறிந்துகொண்டவனுக்கு எளிய கருவியும் மெய்யுரைக்கும். தான் விரும்பும் எண்ணையே தேடுபவனுக்குப் பொன்னாற் செய்த கருவியும் பொய்யுரைக்கும். அளவுகருவியின் கடமை நாம் கேட்க விரும்புவதைக் கூறுவது அன்று; உள்ளதைக் கூறுவது. அதனைக் கேட்கும் துணிவே அளப்பவனிடம் இருக்கவேண்டிய முதற்கருவி. அக்கருவியை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. எந்தச் செல்வனுக்கும் அது தனியுரிமையும் அன்று. பொறுமையும் நேர்மையும் உடைய எளிய மாணவனும் அதனைப் பெறலாம். பெற்றபின் தன் வேலையை மட்டுமன்றித் தன்னையும் அதனால் அளந்துகொள்ளலாம்.